ஸ்பானிஷ் நாவல் பரிசுகளுக்குப் பிரதி அனுப்புவது எப்படி? முதன்முறை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பானிஷில் ஒரு நாவல் எழுதி முடித்து வைத்திருக்கிறீர்களா? இன்னும் அச்சில் வராத நாவலுக்கென்றே பெரும் பணம் தருகிற பரிசுகள் ஸ்பெயினில் பல உண்டு. பார்சிலோனாவில் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்படும் பிளானெட்டா பரிசு 2021 முதல் பத்து லட்சம் யூரோ. இரண்டாம் இடத்துக்கு 2 லட்சம். எந்த நாட்டுக்காரரும் அனுப்பலாம். மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை, நுழைவுக் கட்டணமும் கிடையாது.

இவ்வளவு எளிதாக இருப்பதால், "அனுப்பித்தான் பார்ப்போமே, என்ன போய்விடப் போகிறது" என்று தோன்றும். அந்த மனநிலையில் அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் போட்டிகளில் பிரதியை அனுப்புவதே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரிதான். பரிசு கிடைத்தால் எந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள், எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறீர்கள், அந்தப் பணம் தனிப் பரிசாக வருகிறதா, ராயல்டி முன்பணமாக வருகிறதா என்பதெல்லாம் நீங்கள் அனுப்பிய அன்றே முடிவாகிவிடுகிறது. பிறகு பேரம் பேச இடமில்லை. என் நாவலை அனுப்பத் தயாரானபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வக்கீல் நடையில் இருக்கும் விதிகளை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்து, தெரிந்தவர்களை நச்சரித்துத்தான் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எந்தப் பரிசுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிளானெட்டாவுக்கு அடுத்து எல்லோர் வாயிலும் வருவது அல்ஃபகுவாரா. பரிசுத் தொகை 1,75,000 அமெரிக்க டாலர், கூடவே மார்த்தின் சிரினோ வடித்த சிற்பம் ஒன்று. சமீப வருடங்களில் ஜனவரியில் மாட்ரிட்டில் அறிவிக்கிறார்கள். வென்ற நாவல் ஸ்பெயினில் மட்டுமல்லாமல் லத்தீன் அமெரிக்கா முழுவதும் போகும். அர்ஜென்டினா, கொலம்பியா, பெரு எழுத்தாளர்கள் இதில் அடிக்கடி வெல்வதைப் பார்க்கலாம். உங்கள் ஸ்பானிஷ் ஸ்பெயின் வாடை இல்லாமல் மெக்சிகோவிலோ லீமாவிலோ பழகிய ஸ்பானிஷாக இருந்தால் அதை மாற்றி எழுத வேண்டியதில்லை. எந்தப் பரிசும் அதைக் கேட்பதில்லை.

அதற்குக் கீழே ஃபெர்னாந்தோ லாரா 1,20,000 யூரோ, பிரிமாவேரா 1,00,000, அசோரின் 45,000. நடால், பிப்லியோத்தேக்கா பிரெவே இரண்டும் ஆளுக்கு 30,000. நடால் ஜனவரி 6 அன்று பார்சிலோனாவில் அறிவிக்கப்படுகிறது. அனகிராமா பதிப்பகத்தின் எர்ரால்தே பரிசு நவம்பரில்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று: நடாலைத் தரும் தெஸ்தீனோ, பிப்லியோத்தேக்கா பிரெவேயைத் தரும் செய்ஷ் பர்ரால், பிரிமாவேராவில் பங்குள்ள எஸ்பாசா எல்லாமே பிளானெட்டா குழுமத்துப் பதிப்பகங்கள்தான். அல்ஃபகுவாரா பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் குழுமம். ஆக, பரிசுகள் பல இருந்தாலும் வாசல்கள் சிலதான்.

பிளானெட்டாவுக்கு வருடா வருடம் ஆயிரத்துக்கும் மேல் நாவல்கள் வருகின்றன. பெரிய கூட்டம் படிக்கிற கதையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள், அறிமுகமான முகங்கள் அடிக்கடி வெல்கிறார்கள். உங்கள் நாவல் விறுவிறுப்பான கதை, பரந்த வாசகர்களுக்கானது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். மொழியிலும் வடிவத்திலும் உழைத்த நாவல் என்றால் பிப்லியோத்தேக்கா பிரெவே, எர்ரால்தே மாதிரி இடங்களில்தான் அதற்குரிய கவனம் கிடைக்கும் என்பது என் எண்ணம். தொகையைப் பார்த்துப் பரிசைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தந்தப் பரிசை வாங்கிய நாவல்களில் கடைசி மூன்றையாவது படித்துப் பாருங்கள், உங்கள் நாவல் அந்த அலமாரியில் உட்காருமா என்பது தெரிந்துவிடும்.

2. விதிகளை வரிக்கு வரி படியுங்கள்

போட்டி விதிகளை ஸ்பானிஷில் பாசெஸ் என்பார்கள். ஒவ்வொரு பதிப்பகத்தின் இணையதளத்திலும் அந்தந்த வருடத்துக்கானது பிடிஎஃப்பாகக் கிடைக்கும். போன வருடத்துக் கோப்பை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள். பக்க அளவு, அனுப்பும் முறை, கடைசித் தேதி மூன்றும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. மற்றவர்கள் எழுதிவைத்த சுருக்கங்களையும் நம்ப வேண்டாம், என்னுடையது உட்பட.

படிக்கும்போது பென்சிலால் கோடு போட வேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, உரிமை ஒப்படைப்புப் பத்தி. பரிசு பெற்றால் உலகம் முழுக்க, எல்லா வடிவங்களிலும் வெளியிடும் தனியுரிமையைப் பதிப்பகத்துக்குத் தருவதாக அங்கே எழுதியிருக்கும். மொழிபெயர்ப்பு உரிமையும் திரைப்பட உரிமையும் அதில் அடங்குமா என்று பாருங்கள். நாளைக்கு அதே நாவலை நீங்களே தமிழில் கொண்டுவர நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை இந்தப் பத்திதான் சொல்லும். காலம் பெரும்பாலும் பதினைந்து வருடம். ஸ்பானிஷ் அறிவுசார் சொத்துச் சட்டம் பதிப்பு ஒப்பந்தங்களுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பை ஒட்டியது அது.

இரண்டாவது, பரிசு பெறாத நாவல்கள் பற்றிய பத்தி. வெல்லாத நாவலையும் வெளியிட விரும்பினால் குறிப்பிட்ட காலத்துக்குள் தங்களுக்கே முன்னுரிமை என்று சில பதிப்பகங்கள் எழுதியிருக்கும். அந்தக் காலம் முடியும்வரை வேறு எவருடனும் ஒப்பந்தம் போட முடியாது.

மூன்றாவது, தெசியெர்தோ என்ற சொல். தகுதியான நாவல் இல்லை என்று நடுவர்கள் பரிசையே கொடுக்காமல் விடலாமா கூடாதா என்பது அந்த வரியில் இருக்கும்.

நான்காவது, தீர்ப்பு வரும்வரை பிரதியைத் திரும்பப் பெற மாட்டேன் என்ற உறுதி. இடையில் ஒரு நல்ல பதிப்பாளர் கிடைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கும்.

3. உங்கள் நாவல் உண்மையிலேயே வெளிவராததுதானா?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். விதிகளில் இனேதிதா (இதுவரை வெளிவராதது) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதன் வீச்சு பெரிது. அமேசானில் நீங்களே மின்னூலாகப் போட்டு, பிறகு எடுத்துவிட்டிருந்தாலும் அது வெளிவந்த நாவல்தான். வாட்பேட் மாதிரி கதை வாசிக்கும் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டதும் அப்படியே. இரண்டு அத்தியாயங்கள் ஒரு பத்திரிகையில் வந்திருந்தால், பகுதியளவில் வெளிவந்ததையும் விதி தடுக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தடுக்கும்.

தமிழில் நீங்கள் வெளியிட்ட நாவலை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து அனுப்பலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வேறு மொழியில் வெளிவந்தது வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். பரிசு அறிவித்த பிறகு அது தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

அதே நாவல் வேறு ஒரு போட்டியில் தீர்ப்புக்குக் காத்திருக்கக் கூடாது. தலைப்பை மாற்றி இரண்டு இடத்துக்கு அனுப்புவதும் இதில் அடங்கும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய படைப்புகளை ஏற்பதில்லை என்ற விதியையும் இப்போது பல போட்டிகள் சேர்த்து வருகின்றன.

4. பிரதியைத் தயார் செய்தல்

ஏ4 தாள், இரட்டை வரி இடைவெளி, டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி சாதாரண எழுத்துரு 12 புள்ளியில், பக்க எண். இவ்வளவுதான் வடிவம். குறைந்தபட்சப் பக்க அளவு பெரும்பாலும் 150 அல்லது 200 என்ற கணக்கில் இருக்கும். உங்கள் நாவல் எல்லைக்கு மிக அருகில் இருந்தால் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிச் சமாளிக்காதீர்கள், பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்கு வந்தவர்கள் உரையாடல் குறியீட்டில் கவனமாக இருங்கள். ஸ்பானிஷ் நாவலில் பேச்சு மேற்கோள் குறிக்குள் வராது. வரியின் தொடக்கத்தில் ஒரு நீளக்கோடு, அதை ஒட்டி இடைவெளி விடாமல் பேச்சு, இடையில் "என்றான்", "என்றாள்" வந்தால் மறுபடி ஒரு நீளக்கோடு. சிறு கோடு போட்டால் முதல் பக்கத்திலேயே கத்துக்குட்டி என்று தெரிந்துவிடும். வேர்டில் சிறு கோட்டில் வரியைத் தொடங்கினால் அது தானாகவே பட்டியல் குறியாக மாறி, பத்தியை உள்ளே தள்ளிவிடும். அந்தத் தானியங்கி வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

தாய்மொழி ஸ்பானிஷ் இல்லாதவர்கள் ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுப்பது நல்லது. ஸ்பெயினில் இதற்குப் பெரும்பாலும் பக்கக் கணக்கு கிடையாது. மாத்ரிஸ் என்பார்கள், அதாவது இடைவெளியையும் சேர்த்து எண்ணும் எழுத்துகள். ஆயிரம் மாத்ரிஸுக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். 300 பக்க நாவல், பக்கத்துக்கு 1,800 எழுத்து என்றால் 5,40,000 மாத்ரிஸ். ஆயிரத்துக்கு ஒரு யூரோ என்று வைத்தாலும் 540 யூரோ. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி மட்டும் பார்ப்பதற்கு ஒரு விலை, நடையையும் திருத்துவதற்கு அதைவிடக் கூடுதல் விலை. எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு முழு நாவலுக்கும் கட்ட மனம் வரவில்லை. முதல் ஐம்பது பக்கத்தை மட்டும் கொடுத்து, அதில் திரும்பத் திரும்ப வந்த பிழைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு மீதியை நானே திருத்தினேன். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

5. புனைபெயரும் பிளிக்காவும்

சொந்தப் பெயரிலும் அனுப்பலாம், புனைபெயரிலும் அனுப்பலாம் என்று பல பரிசுகள் விட்டிருக்கின்றன. புனைபெயர் என்றால் உங்கள் உண்மை விவரங்கள் பிளிக்கா எனப்படும் தனி உறைக்குள் போகும். தாளில் அனுப்பினால் ஒட்டிய உறை, அதன் மேல் நாவலின் தலைப்பும் புனைபெயரும் மட்டும். இணையத்தில் அனுப்பினால் இரண்டாவது கோப்பு.

2021-இல் பிளானெட்டாவை வென்ற கார்மென் மோலா என்ற பெயருக்குப் பின்னால் ஹோர்ஹே தியாஸ், அந்தோனியோ மெர்சேரோ, அகுஸ்தின் மார்த்தினெஸ் என்று மூன்று ஆண்கள் இருந்தார்கள். பரிசு இரவில்தான் மேடைக்கு வந்து முகம் காட்டினார்கள். அதனால் கூட்டாக எழுதுவதும் தடையில்லை. ஆனால் சேர்ந்து எழுதினால் எல்லோருடைய விவரமும் கையெழுத்தும் பிளிக்காவில் இருக்க வேண்டும், தொகையை எப்படிப் பிரிப்பது என்பதையும் உங்களுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புனைபெயரில் அனுப்புகிறவர்களின் பெயர் கோப்பு வழியாகவே கசிந்துவிடும். கோப்பின் பெயரைப் பாருங்கள். பக்கத் தலைப்பில் பழைய வரைவிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். நன்றியுரையையும் காணிக்கைப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போய் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்பதை ஓட்டுங்கள். கணினி வாங்கிய அன்று பதிந்த உங்கள் முழுப்பெயர் "ஆத்தர்" என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஓரக் குறிப்புகளிலும் இருக்கும். அதை நீக்கிய பிறகு பிடிஎஃப்பாக மாற்றி, அந்தப் பிடிஎஃப்பின் பண்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். இல்லையென்றால் வேறு கணினியில் உச்சரிப்புக் குறியுள்ள எழுத்துகள் உடைந்து தெரியக்கூடும்.

6. கூட வைக்க வேண்டிய தாள்கள்

கடவுச்சீட்டு நகல், ஸ்பெயினில் வசிப்பவராக இருந்தால் என்ஐஇ (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) உள்ள அட்டையின் நகல். முழு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். இவற்றோடு கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி. அதில் இருக்க வேண்டியவை: நாவல் உங்கள் சொந்தப் படைப்பு, வேறொன்றின் நகலல்ல, எங்கும் வெளிவரவில்லை, அதன் உரிமை எவருக்கும் விற்கப்படவோ உறுதியளிக்கப்படவோ இல்லை, வேறு போட்டியில் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, இந்தப் போட்டியின் விதிகள் முழுவதையும் ஏற்கிறீர்கள். தலைப்பை நாவலில் உள்ளபடியே எழுதுங்கள். பிரதியில் ஒரு தலைப்பு, உறுதிமொழியில் வேறொன்று என்று இருந்தால் வீண் சந்தேகம் வரும்.

காப்புரிமைப் (காபிரைட்) பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆனாலும் நான் பதிவு செய்துவிட்டுத்தான் அனுப்பினேன், அந்த நிம்மதிக்காக. ஸ்பெயினில் அறிவுசார் சொத்துப் பதிவகத்தில் செய்யலாம், கட்டணம் சிறியது. இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்கள் காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாக 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆட்சேபத்துக்கென்று 30 நாள் காத்திருப்பு உண்டு என்பதால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. அனுப்புதல்

இணையத்தில் ஏற்கிற பரிசு என்றால் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். நான் அனுப்பிய ஒரு போட்டியின் தளம் கடைசி நாட்களில் கோப்பைப் பாதியில் கைவிட்டது. கோப்பின் எடையைக் குறைத்த பிறகுதான் ஏறியது. ஏறியதும் வரும் ஒப்புகை மின்னஞ்சலையும் அதிலுள்ள எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

தாளில் கேட்டால் வழக்கமாக இரண்டு படிகள், ஒரு பக்க அச்சு, சுருள் கம்பியிலோ பசையிலோ கட்டியது. ஸ்பெயினின் நகலகங்களில் பக்கத்துக்கு 5 முதல் 10 சென்ட். 300 பக்கம் இரண்டு படி என்றால் 30 முதல் 60 யூரோ, கட்டுவதற்குத் தனியாகச் சில யூரோ. அனுப்பும்போது ஸ்பெயினின் தபால் நிறுவனமான கொர்ரேயோஸில் பதிவுத் தபாலாக அனுப்பி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். தபால் முத்திரைத் தேதியை எண்ணுகிறார்களா, கையில் கிடைத்த தேதியையா என்பதை விதியில் பாருங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அனுப்புகிறவர்கள் சுங்கப் படிவத்தில் வணிக மதிப்பற்ற கைப்பிரதி என்று தெளிவாக எழுதுங்கள். பெரிய மதிப்பு போட்டால் பெறுபவரிடம் வரி கேட்டுப் பொதி சுங்கத்தில் தங்கிவிடும், பதிப்பகம் அதைக் கட்டி எடுக்காது. அனுப்பிய படிகள் திரும்பி வராது, அழித்துவிடுவார்கள்.

யாராவது நுழைவுக் கட்டணம், வாசிப்புக் கட்டணம், "இறுதிச் சுற்றுக்குத் தேர்வான" நாவலை அச்சிடப் பங்குத் தொகை என்று கேட்டால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். நான் மேலே சொன்ன பெரிய பரிசுகள் எதுவும் பணம் கேட்பதில்லை.

8. பத்து லட்சம் என்பது உண்மையில் எவ்வளவு?

இந்தப் பரிசுத் தொகைகள் பெரும்பாலும் ராயல்டி முன்பணம். நாவல் விற்று உங்கள் பங்கு அந்தத் தொகையைத் தாண்டிய பிறகுதான் அடுத்த சென்ட் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தக விலை 22.90 யூரோ. 4 சதவீத வாட் வரியைக் கழித்தால் ஏறத்தாழ 22 யூரோ. ராயல்டி 10 சதவீதம் என்றால் ஒரு படிக்கு 2.20 யூரோ. பத்து லட்சத்தை எட்ட ஏறக்குறைய 4,54,000 படிகள் விற்க வேண்டும். 30,000 யூரோ பரிசு என்றால் சுமார் 13,600 படிகளில் முன்பணம் தீர்ந்து ராயல்டி வரத் தொடங்கிவிடும். பெரிய முன்பணம் கெட்டது என்று சொல்லவில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் அது உங்களுடையதுதான். ஆனால் பரிசு வேறு, ராயல்டி வேறு என்று நினைத்துக்கொண்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வரி. ஸ்பெயினில் சில இலக்கியப் பரிசுகளுக்கு வருமான வரி விலக்கு உண்டு. பரிசு தருபவரே அந்தப் படைப்பை விற்று லாபம் பார்க்கும் இடத்தில் அந்த விலக்கு இல்லை, பதிப்பகப் பரிசுகள் எல்லாம் இந்த வகைதான். ஸ்பெயினில் வசிப்பவர் பத்து லட்சம் வென்றால் வரி பாதியை நெருங்கும். ஸ்பெயினுக்கு வெளியே வசிப்பவர்களிடம் பொதுவாக 24 சதவீதம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களிடம் 19 சதவீதம் பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டில் வசித்தால் இது குறையலாம். இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு உங்கள் நாட்டு வருமான வரித் துறையிடமிருந்து அந்த வருடத்துக்கான வரி வசிப்புச் சான்று வாங்கிப் பதிப்பகத்திடம் பணம் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

9. காத்திருப்பு

பிளானெட்டாவுக்கு வழக்கமாக ஜூன் நடுவில் கதவு மூடும். நான்கு மாதம் எந்தச் சத்தமும் இருக்காது. பரிசுக்கு முந்தின நாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்த பத்து நாவல்களின் தலைப்புகளை, புனைபெயர்களோடு சேர்த்து, சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கடிதமோ வாசிப்பு அறிக்கையோ வராது. கேட்டு எழுதுவதிலும் பயனில்லை, பதில் தருவதில்லை என்று விதியிலேயே இருக்கும்.

ஒரு சமயத்தில் ஒரே போட்டி என்பதால் ஒரு நாவலுக்கு வருடத்தில் இரண்டு வாய்ப்புதான் கிடைக்கும். அல்ஃபகுவாராவின் கடைசித் தேதி அக்டோபரில் பிளானெட்டா தீர்ப்பை உரசிக்கொண்டு வருவதால் அந்த இரண்டையும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துத் திட்டமிட வேண்டாம். நடாலில் இருந்து தொடங்குவது வசதி. ஜனவரி 6 அன்று முடிவு தெரிந்துவிடும். வரவில்லை என்றால், முன்னுரிமைப் பத்தி எதுவும் தடுக்காத பட்சத்தில், மறுநாளிலிருந்து நாவல் மறுபடி உங்கள் கையில். ஜூன் வரை ஐந்து மாதம் திருத்த நேரம் இருக்கிறது. அந்த வருடத்துப் புதிய விதிகளை இறக்கி, உறுதிமொழியில் தேதியையும் போட்டியின் பெயரையும் மாற்றி, இந்த வழிகாட்டியின் மூன்றாவது பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.